கோகோனின் குரல்

ஒரே தொண்டையை இரண்டு பறவைகள் பங்குபோட்டுக்கொள்ள முடியாது. இதை நிரூபிக்கத்தான் நான் கல்கத்தாவுக்குப் போனேன். காளி கோயில் பார்க்கவில்லை, டிராமில் ஏறவில்லை, பெரிய பாலத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் திரும்பியதும் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். ஒரு குருவி பாடுவதைக் கேட்டுவிட்டு வந்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

குண்டுகரிச்சானைப் பெயர் தெரியாமலேயே நீங்கள் பார்த்திருப்பீர்கள். கறுப்புச் சட்டை, வெள்ளை வயிறு, நிமிர்த்திய வால். பங்குனி பிறந்துவிட்டால் ஆண் குருவி விடிவதற்கு முன்பே உயரமான ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு விசிலடிக்கத் தொடங்கிவிடும். வங்காளிகள் இதைத் தோயேல் என்கிறார்கள். உற்றுக் கேட்டால் ஒவ்வோர் ஆணும் ஒவ்வொரு மாதிரி பாடுவது தெரியும். அந்த வித்தியாசத்தை வைத்தே, பிடிக்காமல் தொடாமல், இது இன்னார் என்று சொல்லலாம். அடுத்த வருடமும் அதே ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கலாம். அதுதான் இப்போது என் வேலை. அதற்கு முன் பல வருடங்கள் டப்பிங் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்தேன். யார் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். குருவிகள் இன்னொரு டேக் கேட்பதில்லை என்பதால் இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

சால்ட் லேக்கில் ஓர் அரசுக் குடியிருப்பு. அங்கே வசிக்கும் சிலர் காலையில் தங்கள் வீட்டிலிருந்தே குருவிப் பாட்டைப் பதிவுசெய்து அனுப்புகிறார்கள். நான் கோயம்புத்தூரில் உட்கார்ந்து, ஒலியைக் கோடுகளாக வரைந்து காட்டும் திரையில் பார்த்தும் காதால் கேட்டும் ஆள் பிரிக்கிறேன். இந்த ஏற்பாட்டை நடத்துபவர் மதுரிமா, கல்லூரியில் விலங்கியல் சொல்லித் தருபவர். கல்கத்தாவில் அக்காவுக்கு 'தி'. மதுரிமாதி என்று கூப்பிட வேண்டும். கொஞ்சம் நீட்டிவிட்டால் தமிழில் தீ ஆகிவிடும். அவருக்கு அது பொருத்தம்தான்.

எங்கள் இருவருக்கும் சண்டையே வலையைப் பற்றித்தான். முதல் வருடம் அவர் வலை கட்டிச் சில ஆண் குருவிகளைப் பிடித்துக் காலில் வண்ண வளையம் போட்டார். அதில் ஒன்று அவர் கையிலேயே உயிரை விட்டது. அதைப் போனில் அவரே சொன்னார். அன்றிலிருந்து நான் பிடித்த பிடி: வலை வேண்டாம், குரல் போதும். அவரும் ஒத்துக்கொண்டிருந்தார், இந்த வருடம் வரைக்கும்.

இந்த வருடம் ஒரு சிக்கல். குளத்துப் பக்கம் இருக்கும் பின் பிளாக்கிலிருந்து 'ஷ்யாமசுந்தர்' என்ற பெயரில் வழக்கம்போலப் பதிவுகள் வந்தன. அவன் பழைய ஆள், இடது காலில் சிவப்பு வளையம், மதுரிமாதி தன் கையால் போட்டது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் முன் பிளாக் பால்கனியிலிருந்து 'கோகோன்' என்ற பெயரில் அனுப்பினார். எனக்கு இரண்டும் ஒரே குருவியாகத்தான் கேட்டது. மதுரிமாதி ஒத்துக்கொள்ளவில்லை. "இரண்டு பேர் சொல்கிறார்கள், இரண்டு இடம், இரண்டு பெயர். உனக்கு ஒன்றாகக் கேட்டால் உன் காது சரியில்லை. காது சரியில்லை என்றால் மூன்று வருட வேலையும் குப்பை. வைசாகம் பிறந்ததும் வலை கட்டுகிறேன்" என்றார். வைசாகம் என்றால் நம் சித்திரை. அன்று சாயங்காலமே பெட்டியை எடுத்துவிட்டேன்.

சால்ட் லேக்கில் தெருப்பெயர் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் தண்ணீர் டேங்க்தான் அடையாளம், டேங்குக்கு நம்பர் உண்டு. நான் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க ஆட்டோவில் போய், தவறான டேங்கில் இறங்கி, ஒரே மாதிரி இருக்கும் ரவுண்டானாக்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவினாசி சாலையில் கண்ணைக் கட்டிவிட்டாலும் வீடு போய்ச் சேருவேன்; இங்கே கண் திறந்திருந்தும் பயனில்லை. ஒரு பெரியவர் பரிதாபப்பட்டுக் கூடவே நடந்து வந்து வாசலில் விட்டார். வழி முழுக்க, தென்னாட்டுக்காரர்கள் தினம் மூன்று வேளையும் இட்லிதானா என்று விசாரித்தார்.

கோகோனை அனுப்பும் அந்தப் புதியவர் ஒரு தமிழ்ப் பெண், கல்யாணி. நான் தங்கியதும் அவள் வீட்டில்தான். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கிடர்பூர் துறைமுக வேலைக்கு வந்தவர். கல்யாணி பிறந்து வளர்ந்தது கிடர்பூரில். இப்போது செக்டர் ஃபைவில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை, கணவர் அரசு அதிகாரி.

"வாங்கக்கா, இவ்வளவு நேரம் ஆயிட்டு? எத்தனாம் நம்பர் டேங்க்ல இறங்குனீங்க?" என்றாள். சொன்னேன். "ஐயோ, அது உல்ட்டா தெசைல்லா!" என்று சிரித்தாள்.

இரவு சாம்பாரில் பட்டோல் போட்டிருந்தாள். கோவைக்காய்க்கு அண்ணன் போல ஒரு காய். தட்டோரத்தில் கடுகுச் சட்னி ஒரு சொட்டு, அது நாக்கைத் தொடாமல் நேராக மூக்குக்குப் போனது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டே கோகோனைப் பற்றிக் கேட்டேன்.

"எதிர் பிளாக் மொட்டைமாடி டேங்க் இருக்குல்லா, அதோட குழாய் மேலதான் உக்காருவான். நீங்க அலாரமெல்லாம் வைக்க வேண்டாம்" என்றாள்.

வைக்க வேண்டியிருக்கவில்லை. இருட்டு முழுதாகக் கலைவதற்குள் ஆரம்பித்தான். மூன்று விசில், ஒன்றைவிட ஒன்று உயரம். நான்காவதில் மாடிப்படி இன்னும் ஒன்று இருப்பதாக நினைத்துக் காலை வைத்தவன் மாதிரி ஒரு சறுக்கல். நடுவில் வருடா வருடம் என்னென்னவோ சேர்ப்பான், விடுவான். இந்தச் சறுக்கலை மட்டும் விட்டதே இல்லை. இத்தனை வருடமாக ஹெட்போனில் கேட்ட குரல், இப்போது காற்றில். பால்கனிக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். கல்யாணி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டாள்.

இவன் ஷ்யாமசுந்தர். சந்தேகமில்லை. ஆனால் என் சந்தேகமின்மையை மதுரிமாதி எதற்கு மதிக்க வேண்டும்? பைனாகுலரில் காலைப் பார்க்க முயன்றேன். எதிர்வெயில், குழாயின் விளிம்பு வேறு மறைத்தது. பின் பிளாக்குக்கு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்ததும் முன்னால் பாடினான். முன்னால் வந்ததும் பின்னால் பாடினான். இப்படி நான்கைந்து முறை. வாட்ச்மேன் தன் நண்பரிடம், "டாக்டர் சொல்லியிருப்பார், சுகர் போலிருக்கிறது" என்று இந்தியில் சொன்னது காதில் விழுந்தது. ஒன்று மட்டும் கவனித்தேன்: இரண்டு குரலும் ஒரே நேரத்தில் கேட்கவே இல்லை.

அன்று சாயங்காலம் கல்யாணி என்னைப் பின் பிளாக்கில் சென் காக்குவிடம் அழைத்துப்போனாள். காக்கு என்றால் சித்தப்பா. அந்த வளாகத்துக்கே அவர் சித்தப்பா. சுங்க இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டுக்குள்ளும் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருப்பார். ஷ்யாமசுந்தரின் பதிவுகளை அனுப்புபவர் அவர்தான். தரைத்தள வராந்தாவில் தொட்டிச் செடிகளுக்கு நடுவே டீயும் நிம்கி என்ற உப்புத் துக்கடாவும் வந்தன. ஷ்யாமசுந்தரைப் பற்றி ஒரு மேலதிகாரியைப் பற்றிச் சொல்வது போல மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே சாமந்தித் தொட்டியின் விளிம்பில் ஒரு குண்டுகரிச்சான் வந்து உட்கார்ந்து, மண்ணில் எதையோ கொத்தியது. இடது காலில் சிவப்பு வளையம், வெயிலில் வெளுத்துக் கிட்டத்தட்ட ஆரஞ்சாகியிருந்தது.

சென் காக்குவின் குரலே மாறிவிட்டது. "ஏஸோ, ஏஸோ கோகோன்" என்றார், பேரனை மடிக்குக் கூப்பிடுவது போல.

"யார் இது?" என்றேன்.

"ஷ்யாமசுந்தர்."

"இப்போது கோகோன் என்றீர்களே?"

"அது டாக் நாம்" என்றார், குழந்தைக்குச் சொல்வது போல.

வங்காளத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். நல்ல பெயர் ஒன்று, பள்ளிக்கும் அலுவலகத்துக்கும். கூப்பிடும் பெயர் ஒன்று, வீட்டுக்கும் தெருவுக்கும். டாக் என்றால் கூப்பிடுவது. குருவி கூவுவதற்கும் அதே சொல்தான். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு குருவிக்கும் இப்படி வைப்பார்கள் என்பதுதான் தெரியாது. மதுரிமாதிக்கே தோன்றவில்லையே!

"அறிவியல் பதிவில் கோகோன் என்றா எழுதுவார்கள்? பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் எழுதுவார்களா?" என்று சென் காக்கு என்னையே திருப்பிக் கேட்டார்.

கல்யாணி பக்கம் திரும்பினேன். "ஏன் கல்யாணி, ரெண்டும் ஒரே குருவின்னு ஏன் சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கவே இல்லியேக்கா" என்றாள், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. "எல்லாருக்கும் ரெண்டு பேருதானே. எம்பொண்ணுக்கு ஸ்கூல்ல ஆவுடைநாயகி. பாரால, இந்தத் தெருப்பக்கம் போயி அந்தப் பேரச் சொல்லுங்க, ஒருத்தருக்கும் தெரியாது. மிஷ்டுன்னாத்தான் தெரியும்."

குருவி தொட்டியை விட்டு எழும்பிக் கூரையைத் தாண்டியது. நான் டீயை வைத்துவிட்டு ஓடினேன். முன் பக்கம் போய்ச் சேரும்போது அவன் டேங்க் குழாயில் உட்கார்ந்து, மூன்று படி ஏறி, நான்காவதில் சறுக்கினான். வாட்ச்மேன் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

மறுநாள் இதைச் சொல்லக் கரியாஹாட்டில் மதுரிமாதி வீட்டுக்குப் போனேன். போனில் சொல்லியிருக்கலாம். ஜெயித்ததை நேரில் சொல்லும் சுகத்தை விடுவேனா? பஸ்ஸிலிருந்து நான் இறங்கும்போது கண்டக்டர் பஸ்ஸின் முதுகில் தட்டி, "ஆஸ்தே! லேடீஸ்!" என்று கூவினார். மெதுவாம். நான் குதித்தே இறங்கினேன். சைத்ர மாதம், நம் பங்குனி, முடியப்போகிறது, தள்ளுபடி விற்பனை. நடைபாதையில் புடவை, படுக்கை விரிப்பு, நைட்டி, எல்லாம் தலைக்கு மேல் தொங்கின. ஆடித் தள்ளுபடியில் தி.நகர் பார்த்தவள் நான். அங்கே கூட்டம் நம்மைத் தள்ளும். இங்கே கூட்டம் நின்று பேரம் பேசும், நாம்தான் தள்ள வேண்டும்.

மதுரிமாதி லூச்சி என்ற மைதாப் பூரியும் கடலைப்பருப்பும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் சொல்லி முடித்ததும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஷ்யாமசுந்தரா! ஒரு தோயேலுக்கு நல்ல பெயரா!" சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "சரி, பெயர்க் குழப்பம் என்னுடையது. ஆனால் உன் காது சரி என்று இதனால் ஆகிவிடாது" என்றார்.

"ஏன்?"

"பக்கத்து ஆணின் பாட்டைத் திருடுகிற இனம் இது. ஒருவன் இன்னொருவனைப் போலப் பாடினால் என்ன செய்வாய்? ஒரு தடவை சரியாகச் சொன்னது அதிர்ஷ்டமாக இருக்கலாம்." பிறகு நிபந்தனை போட்டார். அவர் வருவார். நான் கண்ணைக் கட்டிக்கொண்டு குரலை மட்டும் கேட்டுச் சொல்ல வேண்டும். அவர் டெலஸ்கோப்பில் காலைப் பார்ப்பார். ஒவ்வொரு பாட்டாகக் கேட்டு நான் சொல்வது சரியானால் வலை இல்லை. ஒன்று தப்பினாலும் வலை, அதன் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"நாளைக்கே வாங்க" என்றேன்.

நாளைக்கு முடியவில்லை. திரும்பும் வழியிலேயே காலபைசாகி வந்துவிட்டது. பங்குனி சித்திரையில் இங்கே சாயங்காலங்களில் வரும் புயல்மழை. வானம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. காற்று பஸ்ஸை உலுக்கியது. எங்கோ முன்னால் மரம் விழுந்து பாதை அடைத்துக்கொண்டது. நான் பயந்து சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் ஜன்னலைத் திறந்து கையை மழையில் நீட்டிக்கொண்டிருந்தார்கள். "ஆஹா, வெக்கை தீர்ந்தது" என்றார் பக்கத்து அம்மாள், எனக்கும் சேர்த்து மகிழ்ந்து. கோயம்புத்தூரில் நான்கு தூறல் விழுந்தாலே தலையில் கைக்குட்டை போடுகிற கூட்டம் நாங்கள்.

வளாகத்துக்குள் தண்ணீரும் முறிந்த கிளைகளும். குளத்தோரத்து கிருஷ்ணசூடா, நம் ஊர் மயில்கொன்றை, வேரோடு சாய்ந்திருந்தது. மறுநாள் காலையும் மழை விடவில்லை. பால்கனியில் நின்று பார்த்தேன். டேங்க் குழாயில் காக்கை ஒன்று இறகை உதறிக்கொண்டிருந்தது. மழையில் எந்தக் குருவியும் பாடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த நாள் வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. மதுரிமாதி இருட்டோடு வந்து, கல்யாணியின் பால்கனியில் டெலஸ்கோப்பை நிறுத்தினார். சென் காக்கு சவரம் செய்து, பெல்ட்டோடு வந்திருந்தார். கல்யாணி தன் துப்பட்டாவால் என் கண்ணைக் கட்டினாள்.

"சுலபமானதில் ஆரம்பிக்கலாம்" என்றார் மதுரிமாதி.

குழாய்ப் பக்கமிருந்து குரல் வந்தது. மூன்று விசில், ஒன்றைவிட ஒன்று உயரம். "ஓய் தோ, கோகோன்", அதோ அவன்தான் என்று சென் காக்கு முணுமுணுத்தார். யாரோ அவரை அடக்கினார்கள். நான்காவது விசில் வந்தது. சறுக்கவில்லை. சுத்தமாக, தயங்காமல், மேல்படியில் போய் நின்றது.

இரண்டாவது முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்டேன். முதல் மூன்று படிகளும் அப்படியே அவனுடையவை. ஈரத்தில் குரல் மாறியிருக்குமோ? தொண்டையில் கோளாறோ? இடம் அவனுடைய இடம், நேரம் அவனுடைய நேரம். கோகோன் என்று சொல்லிவிட எல்லாக் காரணமும் இருந்தது. என் காது தப்பாகவே இருக்கட்டும், வலையைக்கூடப் பிடித்துக்கொள்கிறேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் கேட்டதைத்தானே சொல்ல முடியும்?

"இது கோகோன் இல்லை" என்றேன்.

"என்னக்கா சொல்லுதீங்க? அவன் குழாய் மேலதான் உக்காந்திருக்கான்" என்றாள் கல்யாணி.

"இல்ல கல்யாணி. இது வேற ஆளு."

டெலஸ்கோப்பின் திருகு திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு மதுரிமாதி ஆங்கிலத்தில், மிக மெதுவாகச் சொன்னார்: "வளையம் இல்லை. இரண்டு காலிலும் இல்லை."

நானே கண்கட்டை அவிழ்த்தேன். டெலஸ்கோப்பில் பார்த்தேன். இளசு, கறுப்பு இன்னும் முழுதாக ஏறவில்லை, இறக்கையோரம் பழுப்பாக இருந்தது. கோகோனைக் கேட்டு வளர்ந்தவனாக இருக்க வேண்டும். காலி இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டான்.

வெயில் ஏறும்வரை மற்ற இடங்களிலும் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் தப்பவில்லை. "இந்த வருடம் வலை இல்லை. இனி எந்த வருடமும் இல்லை" என்று மதுரிமாதி என் கையைப் பிடித்தார். இதற்காகத்தான் இத்தனை தூரம் வந்தேன். எனக்கு அழுகை வந்தது, அது சந்தோஷத்தில் இல்லை.

சென் காக்கு என் முன்னால் வந்து நின்றார். "அப்படியென்றால் அவன் எங்கே?" என்றார். குரலை வைத்து ஆளைச் சொல்கிறவளுக்கு இதுவும் தெரிந்திருக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது. பாடுகிறவன் யார் என்று சொல்வேன். பாடாதவனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

மதுரிமாதி போனைத் திறந்து விவரம் பதியத் தொடங்கியவர் நிமிர்ந்தார். "இறந்துவிட்டான் என்று போடட்டுமா?"

"வேண்டாம். கேட்கவில்லை என்று போடுங்கள்."

"எத்தனை நாளைக்கு?"

"நான் ஊருக்குக் கிளம்புகிற வரைக்கும்."

மிச்சமிருந்த காலைகளில் அந்த வளாகத்தை மட்டுமல்ல, சுற்றியிருந்த பிளாக்குகளையும் விடவில்லை. விழுந்த கிருஷ்ணசூடாவை வெட்டி அப்புறப்படுத்தும்போது கூடவே நின்று ஒவ்வொரு கிளையாகப் பார்த்தேன். கால்வாய்க் கரை, பள்ளிக்கூட மைதானம், பூட்டிக்கிடந்த வீடுகளின் தோட்டம். ஆட்டோக்காரர் ஒருவர் எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கல்யாணி வேலைக்குப் போகும் முன் என்னோடு நடந்தாள், சென் காக்கு குளக்கரையில் நின்று, இரண்டு பெயரையும் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். எத்தனையோ குண்டுகரிச்சான்கள் பாடின. ஒவ்வொன்றையும் நின்று, முடியும் வரை கேட்டேன்.

கிளம்பும் நாள் காலையிலும் ஒரு சுற்று போய்விட்டு வந்தேன். குளித்து, பெட்டியை மூடி, ஆட்டோ வருவதற்குள் மதுரிமாதிக்கு ஒரு வார்த்தை அனுப்பினேன்.

"போடலாம்."